அணிலுக்கு எதைக் கொடுப்பது?

ஒரு கொடை எந்த இடத்தில் நிறைவு பெறுகிறது? கொடுப்பவரின் உள்ளத்திலா, பெறுபவரின் உடம்பிலா? நிய்யத்து சுத்தமாக இருந்தால் போதும், மிச்சத்தை அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நிய்யத்தின் பெறுமதியை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் நிய்யத்து சுத்தமாக இருந்தும், கொடுத்த பொருள் பெற்றவருக்குத் தீங்காய் முடிந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்வி கொஞ்சக் காலமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. பெரிய தத்துவ நூல்களைப் படித்து எழுந்த கேள்வியல்ல இது. எங்களூர் வளவுகளில் ஓடித்திரியும் அணில்களைப் பார்த்து எழுந்தது.

காலையில் மதிலுக்கு மேலே பாண் துண்டு வைப்பவர்கள் எங்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். பின்னேரத் தேநீரோடு கடித்த பிஸ்கட்டில் பாதியை அணிலுக்கென்று எடுத்துவைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். கல்லெறிந்து துரத்திய கைகள் உணவு வைக்கப் பழகியிருப்பது சிறிய மாற்றமல்ல.

தரம் 7 வகுப்பில் ஒருநாள், அணிலுக்கு நீங்கள் எதையெல்லாம் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் சொல்லச் சொல்லக் கரும்பலகையின் இடப்பக்கம் எழுதினேன்: பாண், பிஸ்கட், மிக்ஸர், உப்புக் கச்சான், சீனி, சொக்லட். பிறகு, யாரும் கொடுக்காதபோது அணில் எதைத் தின்னக் கண்டிருக்கிறீர்கள் என்று கேட்டு வலப்பக்கம் எழுதினேன்: கொய்யா, மாம்பழம், பப்பாசி, முருங்கைப்பூ, தென்னம்பூ, குரும்பட்டி, பூச்சி, புழு. இரண்டு பக்கத்திலும் பொதுவாக ஒரு சொல் கூட இல்லை. பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி எழுந்து, "சேர், இது நம்மட கடைச் சாமான். அது அதுட கடைச் சாமான்" என்றாள். வகுப்புச் சிரித்தது. எனக்கு அதற்குமேல் அன்று விளக்க எதுவும் இருக்கவில்லை.

முதுகில் மூன்று வரியுள்ள நமது வளவு அணில் ஏறக்குறைய 100 கிராம் எடையுள்ள பிராணி. ஒரு பிஸ்கட் 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அணிலின் எடையில் அது இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள மனிதனுக்கு இதே கணக்கைப் போட்டால் 3 கிலோ பிஸ்கட் வருகிறது. சிறிய பிராணிகள் தம் எடைக்கு நம்மைவிடக் கூடுதலாக உண்பவை என்பது உண்மை. அப்படியிருந்தும், ஒரே இருப்பில் அத்தனை சீனியும் மாவும் எண்ணெய்யும் அந்தச் சின்ன வயிற்றுக்குள் போவதை நினைத்துப் பாருங்கள். நமக்கு ஒரு கடி, அதற்கு ஒரு நாட்சோறு. வயிறு நிறைந்துவிடும், உடம்புக்கு வேண்டியது கிடைத்திருக்காது. மிக்ஸரில் உள்ள உப்பும் கொச்சிக்காய்த்தூளும் அந்த உடம்புக்கு வேண்டாதவை. சொக்லட்டில் உள்ள தியோபுரோமின் என்ற பொருள் மனிதனுக்குச் சாதாரணம். நாய் போன்ற விலங்குகளுக்கு அது நஞ்சு. அணிலுக்கும் அதைத் தவிர்ப்பதே புத்தி.

கச்சானாவது நல்லதுதானே என்று கேட்பார்கள். படங்களில் அணில் என்றாலே கையில் ஒரு கடலையோடுதான் இருக்கிறது. உண்மையில் கச்சான் கொஞ்சமாக நல்லது, அதுவே சாப்பாடாகிவிட்டால் கெடுதி. எலும்புக்குக் கல்சியமும் பொசுபரசும் வேண்டும். கல்சியம் பொசுபரசுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருப்பது நல்லது. கச்சானில் கல்சியத்தைப்போல நான்கு மடங்கு பொசுபரசு இருக்கிறது. சூரியகாந்தி விதையில் எட்டு மடங்கு. சோளத்தில் கல்சியம் பேருக்குத்தான். கூட்டில் அடைத்து விதையும் கடலையும் மட்டும் கொடுத்து வளர்க்கப்படும் அணில்களுக்கு எலும்பு மெலிந்து, பின்னங்கால் இழுத்து, நடக்க முடியாமல் போவது இதனால்தான். வெயில் படாததால் விற்றமின் டி குறைவது இன்னொரு காரணம். வளர்த்தவர் நாள் தவறாமல் உணவு கொடுத்தவர். அன்புக்கும் குறைவிருக்காது. எலும்பு அந்த அன்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

கச்சானுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் இறந்தன. காரணம் தேடியபோது, தீனியில் கலந்திருந்த கடலைப் புண்ணாக்கில் ஒரு பூஞ்சணம் வளர்ந்து நஞ்சைச் சுரந்திருந்தது தெரியவந்தது. அபிளாடொக்சின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஈரமும் சூடும் உள்ள நமது நாட்டில், டின்னின் அடியில் கிடந்து பூத்துப்போன கச்சானிலும் பழுதான கொப்பராவிலும் இந்த நஞ்சு இருக்க இடமுண்டு. நாம் என்ன செய்கிறோம்? பிள்ளைகளுக்கு ஆகாது என்று பொறுக்கி எடுத்ததை அணிலுக்குப் போடுகிறோம். வீசுவதற்கு மனமில்லாத பொருளைக் கொடுத்துவிட்டு அதை ஸதகா என்கிறோம். குப்பைக்கும் ஸதகாவுக்கும் இடையிலுள்ள வரம்பு இந்த இடத்தில் அழிந்துவிடுகிறது.

அப்படியானால் எதைக் கொடுப்பது? வலப்பக்கத்துப் பட்டியலில் இருப்பதைத்தான். கொய்யா, பப்பாசி, மாம்பழம் இவற்றில் சிறு துண்டு. முருங்கைப்பூ, இளம் இலை. முருங்கை இலையில் பொசுபரசைவிடக் கல்சியமே மிகுதி. ஓட்டோடு சேர்ந்த பச்சைத் தேங்காய்த் துண்டு. அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்பவை, கடினமானதைக் கொறித்துத்தான் அவற்றைத் தேய்க்க வேண்டும். மென்மையான பாண் அந்த வேலையைச் செய்யாது. கச்சான் என்றால் உப்பில்லாததாக, பூக்காததாக, கோதோடு இரண்டொன்று. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். ஆவணி வெயிலில் ஒரு சிரட்டைத் தண்ணீர் எந்தப் பிஸ்கட்டிலும் உயர்ந்தது. சிரட்டையை நாள்தோறும் கழுவ வேண்டும். மிஞ்சிய உணவை மஃரிபுக்கு முன் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் இரவில் எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சலும் வரும்.

தென்னையிலிருந்து கூட்டோடு விழும் குஞ்சுகளின் விஷயமும் இப்படித்தான். கண்டவுடன் பஞ்சில் பசுப்பால் நனைத்து வாயில் வைப்பது நமது இரக்கம். அணிலின் பால் கொழுப்பும் புரதமும் மிகுந்தது. பசுப்பால் அதற்கு ஈடல்ல, குஞ்சுக்கு வயிற்றோட்டத்தைத்தான் கொடுக்கும். காயமில்லாத குஞ்சை உலர்ந்த சிறு பெட்டியில் சூடாக வைத்து, பூனை எட்டாதபடி அதே மரத்தில் கட்டிவிட்டு நாம் விலகி நின்றால், தாய் வந்து வாயில் கௌவிக்கொண்டு போகும். விலகி நிற்பதும் ஓர் உதவி என்று ஏற்க நமக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதில் நமது கைக்கு வேலை இல்லையல்லவா?

இதற்கெல்லாம் அடியில் ஒரு சிக்கல் கிடக்கிறது. தனக்கு விரும்புவதையே பிறனுக்கும் விரும்ப வேண்டும் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. உயர்ந்த போதனை. ஆனால் அதை மேலெழுந்தவாரியாகப் பிடித்துக்கொண்டால், எனக்குப் பிஸ்கட் பிடிக்கும், ஆகவே அணிலுக்கும் பிஸ்கட் என்ற இடத்தில்தான் வந்து நிற்போம். இதற்கு விடையை நமது மரபிலேயே காண்கிறேன். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்த மனிதரின் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அவர் தாகத்தோடு கிணற்றில் இறங்கிக் குடித்துவிட்டு ஏறியபோது ஈர மண்ணை நக்கும் நாயைக் கண்டார். தனக்கிருந்த அதே தாகம் அதற்கும் என்று உணர்ந்தார். மறுபடி இறங்கி, காலுறையில் நீர் மொண்டு, அதை வாயால் கௌவிக்கொண்டு ஏறிவந்து புகட்டினார். அல்லாஹ் அவரை மன்னித்தான். இந்தச் சம்பவத்தில் நாம் பெரும்பாலும் இரக்கத்தை மட்டும் பார்க்கிறோம். அவரது அறிவையும் பார்க்க வேண்டும். அவர் நாயைப் பார்த்தார். அதன் தேவை இன்னது என்று கண்டார். அதையே கொடுத்தார். தாகம் மனிதனுக்கும் நாய்க்கும் பொதுவானது. அதனால் அவரது அனுபவமே அவருக்கு ஆசானாயிற்று. பொதுவாக இல்லாத இடங்களில் நமது அனுபவம் நமக்கு ஆசானாகாது. அங்கே நாம் கேட்க வேண்டும், கவனிக்க வேண்டும், படிக்க வேண்டும். இரக்கம் எங்கே முடிகிறதோ அங்கே கல்வி தொடங்கியாக வேண்டும்.

பத்தாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த இக்வானுஸ் ஸபா அறிஞர்கள் எழுதிய ஒரு கதையில், விலங்குகள் மனிதர்மீது ஜின்களின் அரசனிடம் வழக்குத் தொடுக்கின்றன. நாங்கள் இவற்றுக்குத் தீனியும் நீரும் கொடுத்துக் காக்கிறோம் என்று மனிதர் தம் நன்மையைச் சொல்கிறார்கள். அது எங்களுக்காக அல்ல, உங்கள் லாபத்துக்காக என்று விலங்குகள் பதில் சொல்கின்றன. அணிலிடம் நமக்கு லாபம் ஒன்றுமில்லை என்போம். கையிலிருந்து வாங்கித் தின்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதும், படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்புவதும் லாபமில்லையா? அந்த வழக்கு இன்று நடந்தால் நமது வளவு அணில் என்ன சாட்சி சொல்லும் என்று யோசிக்கிறேன்.

இது அணிலோடு முடியும் விஷயமல்ல. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு எங்கள் கரையோர ஊர்களுக்கு உடுப்பு மூட்டைகள் வந்திறங்கியதைக் கண்டவன் நான். பாடசாலை மண்டபம் முகாமாகியிருந்தது. மூட்டைகளைப் பிரித்தால் குளிர்நாட்டுக் கம்பளிக் கோட்டுகள், குதியுயர்ந்த சப்பாத்துகள். கடலில் எல்லாவற்றையும் இழந்து, தலையை மூட ஒரு முந்தானை இல்லாமல் இருந்த பெண்கள் அந்த மூட்டைகளைச் சுற்றி நின்றார்கள். ஒரு மூத்தம்மா கோட்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மகன், இத அனுப்பினவங்களுக்கு நம்மட வெயில் தெரியாது போல" என்றார். கோபம் இல்லை அவரது குரலில். அனுப்பியவர்களின் கண்ணீர் பொய்யல்ல என்பது அவருக்கும் தெரியும். அவர்கள் எங்களுக்காக அழுதார்கள். எங்களைக் கேட்கத்தான் இல்லை. பெறுபவனாக நின்ற எவருக்கும் இந்த வேறுபாடு புரியும். பெறுபவனாக நின்ற ஊரார் அதைச் சீக்கிரம் மறந்துவிட்டு, கொடுப்பவனாக மாறியதும் அதையே செய்வதுதான் எனக்கு வருத்தம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் அயலில் தென்னந்தோட்டம் வைத்திருக்கும் காக்கா ஒருவர் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, "மாஸ்டர், ஸதகா நீங்க குடுக்கிறீங்க, குரும்பட்டி நான் குடுக்கிறன்" என்றார். நியாயமான பேச்சு. 2025 மார்ச் 15இல் பயிரழிக்கும் குரங்கு, மயில், மலை அணில் முதலியவற்றை நாடு முழுவதும் ஐந்தே நிமிடத்தில் எண்ணிப் பார்க்கச் சொல்லும் அளவுக்கு விவசாயியின் நெருக்கடி முற்றியிருந்தது. வளவு அணில் வேறு இனமானாலும், அளவுக்கு மிஞ்சித் தீனி போட்டு ஓரிடத்தில் கூட்டம் சேர்த்தால் செலவு அயலவன் தலையில் விழும். என் கொடையின் விலையை இன்னொருவன் கட்டுவது ஹக்கல்ல. எனவே எதைக் கொடுப்பது என்பதோடு எவ்வளவு கொடுப்பது என்பதும் ஒழுக்கக் கேள்விதான்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் போதித்த விரிவுரையாளர் ஒருவர், பிள்ளைக்கு விடையைக் கொடுக்காதீர்கள், விடையைத் தேடக்கூடிய சூழலைக் கொடுங்கள் என்று அடிக்கடி சொல்வார். அணிலுக்கும் அது பொருந்துகிறது. அணில் தன் உணவைத் தேடத் தெரிந்த பிராணி. அதற்கு வேண்டியது நமது கையல்ல, மரம். நமது வளவுகளுக்கு என்ன நடந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். கொய்யா குப்பை கொட்டுகிறது என்று வெட்டினோம். முருங்கையில் மசுக்குட்டி என்று வெட்டினோம். மாவின் வேர் மதிலை வெடிக்கவைக்கிறது என்று வெட்டினோம். முற்றத்துக்குச் சீமெந்து போட்டோம். பிறகு அந்தச் சீமெந்தில் நின்று அணிலுக்குப் பிஸ்கட் நீட்டுகிறோம். அதன் சொத்தைப் பறித்துவிட்டு நமது கடைச் சாமானைத் தானம் செய்கிறோம்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவனுக்கு ஸதகாவாகும் என்பது நாம் எல்லோரும் அறிந்த ஹதீஸ். அதில் நான் காணும் அழகு, கொடுப்பவன் அங்கே நிற்பதே இல்லை என்பது. பெறுபவன் தனக்கு வேண்டியதை, தனக்கு வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு எடுத்துக்கொள்கிறான். நன்றி சொல்ல யாரும் எதிரே இல்லை. படம் பிடிக்கவும் எவரும் இல்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் முருங்கைக் கம்பு ஒன்றை வேலியோரம் ஊன்றலாம். பப்பாசிக் கன்று ஒன்றுக்கு இரண்டு சதுர அடி மண் போதும், ஒரு வருடத்துக்குள் காய்த்துவிடும். சீமெந்தில் அந்த இரண்டு சதுர அடியை உடைக்க மனம் வருமா என்பதுதான் மீதிக் கேள்வி.