சிவப்பு ஒன்று, காரணம் இரண்டு

ஒரு மனிதரை எவ்வளவு நேரம் பார்த்தபின் அவர் இன்னார் என்று நாம் தீர்ப்புக் கூறுகிறோம்? இக்கேள்வியோடு சற்று வானத்தை அண்ணாந்து பார்ப்போம்.

கன்னி இராசித் திசையில், ஏறத்தாழ 5 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் ஒரு கொத்தாகக் கூடியுள்ளன. அவற்றுட் பெரியவை பல நீள்வட்ட வடிவானவை. புதிய விண்மீன்களின் பிறப்பு அங்கு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. அவற்றின் ஒளி சிவந்திருக்கும்.

ஏன் அந்தச் சிவப்பு? நீல விண்மீன்கள் விரைவில் எரிந்து மடிய, சிவந்தவை எஞ்சுகின்றன. ஆகவே அது முதுமையின் அடையாளம் என்று சொல்லத் தோன்றும். ஆனால், இரும்பு, மக்னீசியம் முதலிய மூலகங்கள் மிகுந்த விண்மீன்களும் சிவந்தே தோன்றும். வயது மூன்று மடங்காவதும் இம்மூலகங்கள் இரண்டு மடங்காவதும் நிறத்தில் ஏறக்குறைய ஒரே மாற்றத்தையே தரும் என்று 1994இல் கை வேர்தி என்ற வானியலாளர் காட்டினார். நிறத்தை மட்டும் பார்த்தவர் ஏமாறுவார்.

அப்படியானால் உண்மையை அறியவே முடியாதா? விண்மீன்களின் இரசாயனச் சேர்க்கையை மனிதன் ஒருபோதும் அறியான் என்று 1835இல் பிரான்சிய மெய்யியலாளர் ஓகஸ்ட் கொம்ட் எழுதினார். 1859இலேயே கேர்க்கோவும் புன்சனும் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதிலுள்ள கோடுகளால் மூலகங்களை இனங்காணும் வழியைத் திறந்தனர். இன்று ஐதரசன் கோடுகள் வயதையும், இரும்பு, மக்னீசியக் கோடுகள் சேர்க்கையையும் பெரிதும் உணர்த்துகின்றன. மக்னீசியம் விரைவில் மடியும் பெரிய விண்மீன்களால் வருவது; இரும்பின் பெரும்பகுதி பிந்தியே வரும். பெரிய நீள்வட்ட மண்டலங்களில் இரும்பைவிட மக்னீசியம் ஓங்கியிருப்பதால், அவற்றின் விண்மீன்கள் குறுகிய காலத்துள் உருவானவை என அறிகிறோம்.

பாடசாலைக்குப் பிந்தி வரும் பிள்ளை சோம்பேறியா? அல்லது விடியுமுன் தண்ணீர் அள்ளி வைத்து, தம்பி தங்கையரை வெளிக்கிடுத்திவிட்டு ஓடி வந்ததா? பேசாதிருக்கும் அயலவரிடம் இருப்பது செருக்கா, துயரமா? வெளித்தோற்றம் ஒன்றுதான், காரணங்கள் வேறு. பார்த்தவுடன் தீர்ப்பிடுவது அநீதி. அறியவே முடியாதென்று கைவிடுவதும் அன்பன்று.

கோடிக்கணக்கான ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீனுக்கு மனிதன் இத்தனை பொறுமை காட்டுகிறான். அடுத்த வீட்டாருக்கு ஒரு கேள்வியளவு பொறுமையையேனும் நாம் காட்டலாகாதா?