காற்றும் கையும்

இத்தாலியின் வடக்கே, மலைகளுக்கு நடுவே கார்டா ஏரி கிடக்கிறது. ஏறத்தாழ 370 சதுரக் கிலோமீற்றர் பரப்பளவு கொண்ட அது, அந்நாட்டின் மிகப் பெரிய ஏரி. அதன் வட முனையில் டோர்போலே என்றொரு சிற்றூர். பலகையில் நின்று, பாயைக் கையில் பிடித்து, நீர்மேல் விரையும் வின்ட்சேர்பிங் விளையாட்டுக்காரர் அங்கே திரள்வர். காரணம், அவ்விடத்தில் காற்றுக்கு நேரமுண்டு.

இரவில் குளிர்ந்த மலைக்காற்று கீழிறங்கி, காலை வரை வடக்கிலிருந்து வீசும். அது பெலேர். வெயில் ஏறியதும் மலைச்சரிவுகள் சூடாகி, அங்குள்ள காற்று மேலெழும். அவ்விடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து பிற்பகலில் வருவது ஓரா. வடக்கே ஏரி ஒடுங்குவதால் அது மேலும் வேகங்கொள்கிறது.

இதை நினைக்கும்போது எனக்கொரு கேள்வி எழுகிறது. பலகையில் ஓடுபவனின் வேகத்தில் அவனுடையது எவ்வளவு?

தேர்ச்சி பொய்யல்ல. அதே காற்றில் புதியவன் பல தடவை விழுகிறான். பழகியவன் உடலைச் சாய்த்து, பாயைத் திருப்பி, காற்றுக்குக் குறுக்கேயும் போகிறான். எல்லாம் காற்றின் தயவு என்றால் அவன் பட்ட பாட்டை அவமதித்தவராவோம். ஆனால் வானம் மூடிய நாளில் ஓரா எழாமற் போகலாம். அன்று எத்தனை கெட்டிக்காரனும் கரையில்தான் இருக்க வேண்டும். அவனை எவரும் சோம்பேறி என்பதில்லை.

1786 செப்டெம்பரில் ஜேர்மன் கவிஞர் கதே டோர்போலேயிலிருந்து தெற்கு நோக்கிப் படகேறினார். காற்று மாறி எதிர்த்தது. மல்செசினேயில் கரை ஒதுங்க நேர்ந்தது. தண்டு வலித்தவர்களின் முயற்சியில் குறையில்லை.

ஏரிக்கரையில் எளிதாக விளங்கும் இந்த நியாயம் ஊருக்குள் வந்ததும் மறந்துபோகிறது. பத்திரிகை வாங்கிப் போட்ட வாப்பா, நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம், இடம்பெயராத பிள்ளைப் பருவம் - இவை எனக்கு நாள்தோறும் வீசிய காற்று. எப்போதாவது கிடைக்கும் உதவிக்கு மனிதன் நன்றி சொல்கிறான். நேரந்தவறாமல் வருவதையோ தன் திறமையின் கணக்கில் எழுதிக்கொள்கிறான். பிறகு, அது கிடைக்காதவனைப் பார்த்து, "முயன்றிருக்கலாமே" என்கிறான்.

பாயைப் பிடித்த கை தன்னுடையது என்று சொல்ல எவருக்கும் உரிமையுண்டு. கரையில் நிற்பவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன், அவன் பக்கம் காற்று வீசியதா என்று விசாரிப்பது கடமை.