உரைத்தலும் உரையாமையும்

பொய், புறங்கூறல், கடுஞ்சொல், பயனில சொல்லல் என வாயால் விளையும் தீமை நான்கென்று நம் தம்மம் வகுத்துரைக்கின்றது. அங்ஙனமாயின், நாள்தோறும் சாயாக்கடைப் பலகையில் அமர்ந்து இரண்டு நாழிகை பேசிக் களித்த ஒருவரை நல்லோர் எனல் பொருந்துமோ? அண்மையில் மறைந்த காரோட்டு முதியவர் ஒருவரை நினைக்குந்தோறும் இவ்வினா என்னுள் எழுகின்றது.

காரோடு, பாறசாலையை அடுத்த எல்லையூர். 1956 நவம்பர் 1 ஆம் நாள் விளவங்கோடு முதலிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த இப்பகுதி கேரளத்திலேயே நின்றது. அவர் அரசினர் மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், பௌத்தர் அல்லர். ஊரார் அவரை 'லேப் அண்ணன்' என்றே அழைத்தனர்.

அவர்தம் பேச்சு தொழிலிலே பழகிய பேச்சு. யானைக்கால் நோயை விளைக்கும் நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் நாளங்களில் ஒதுங்கியிருந்து, இரவிலேயே தோலடிக் குருதியில் உலவும். ஆதலின் அந்நோயைத் தேடுவோர் ஊர் உறங்கும் வேளையில் கதவைத் தட்டல் வேண்டும். நள்ளிரவில் ஊசியோடு வரும் அயலானுக்கு எவர் விரலை நீட்டுவர்? அவர் திண்ணையில் அமர்வார். மரச்சீனி விளைச்சலைக் கேட்பார். பேரனின் பெயரைக் கேட்பார். பின்னரே விரலைக் கேட்பார். அப்பேச்சைப் பயனிலது என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. (குருதியை ஆயிரக்கணக்கிற் கண்ட அவர், அதிற் சாதி எங்கே என்று வினவிய ஒருவரிடம், "எனக்கு இதுவரை அகப்படவில்லை" என்றாராம். பகவர் வாசெட்டனுக்கு உரைத்ததும் அஃதே.)

எனினும் அவரை நான் நினைப்பது அவர் பேசியதற்காக அன்று.

பல்லாண்டுகட்கு முன் ஓர் இளம்பெண்ணுக்கு மணம் பேசினர். அவள் இருமலுக்காகச் சளி ஆய்வு செய்துகொண்டதை அறிந்த மணமகன் வீட்டார், சாயாக்கடையில் இவரை அணுகிக் காசநோய்க் கிருமி இருந்ததா எனக் கேட்டனர். "தகட்டில் எண்தான் இருக்கும், பெயர் இராது" என்று நகைத்து, பேச்சை மழைக்கு மாற்றினார். அவர் நகைத்ததையே அவர்கள் விடையாகக் கொண்டனர், மணம் நின்றது. கிருமி இல்லை என்ற மருத்துவர் சீட்டைப் பெண்ணின் தந்தை பின்னர் ஊரார் அனைவர்க்கும் காட்டினார், யானும் கண்டேன். "ஒரு சொல், 'இல்லை' என்ற ஒரு சொல் சொல்லியிருக்கலாகாதா, அண்ணா?" என்று அவர் கேட்டபோது, லேப் அண்ணன் கூறிய விடை இது: "இன்று உம் மகளுக்கு 'இல்லை' என்பேன். நாளை வேறொருவன் மகளைக் குறித்துக் கேட்பர். அன்று நான் வாய் மூடினால் அந்த மௌனமே 'உண்டு' என்று சொல்லிவிடுமே."

சிகாலனுக்கு உரைத்த இல்லறத்தார் ஒழுக்கத்தில், நண்பனின் மறையைக் காப்பவனே உண்மை நண்பன் என்கிறார் பகவர். காரோட்டார் காத்தது ஒருவர் மறையன்று. இன்னும் ஆய்வுக்கூடத்திற்கே வந்திராத எத்தனையோ பேர் மறை. ஆயினும் அதன் விலையைச் செலுத்தியவள் அப்பெண். ஒருவர் செய்த அறத்திற்கு மற்றொருவர் விலை கொடுத்தல் முறையோ என்று நான் இன்றும் தெளிந்திலேன்.

மற்றொன்று. தகட்டில் பெயர் இராது என்பது மெய். பதிவேட்டில் பெயர் உண்டு என்பதும் அவர் அறிந்ததே. மெய்யைச் சொல்லி மெய்யல்லாததை எண்ணச் செய்தல் நான்காம் சீலத்துக்கு ஒக்குமா? அபய இளவரசனுக்குப் பகவர், உண்மையும் நன்மையும் ஆய சொல்லையும் காலம் அறிந்தே கூறுவதாக விளக்கினார். மழுப்பற்கு ஆங்கே இடமில்லை. இதனை அவரிடமே ஒரு முறை கூறினேன். நெடுநேரம் வாளாவிருந்து, "சொல்ல மாட்டேன் என்று நேரே சொல்லியிருக்க வேண்டும். எல்லார்க்கும் வேண்டியவனாக இருக்க ஆசைப்பட்டேன், அதுதான் பிழை" என்றார். அவர்தம் சிரிப்பில் ஒட்டியிருந்த பற்றினை அவரே கண்டுகொண்டார். அதன்பின் அப்படிக் கேட்டவர்க்கெல்லாம், "அது மட்டும் கேட்காதீர்" என்பார். உடனே சாயா வரவழைப்பார்.

அப்பெண்ணின் வீட்டார் பின்னர் அவரோடு பேசவே இல்லை. அவர் மட்டும் அவ்வழியே செல்லும்போதெல்லாம் அவ்வீட்டுப் படலருகே நின்று, நலம் கேட்டுவிட்டே போவார். அடக்கத்தன்று முற்றம் நிறைந்திருந்தது. அப்பெண்ணின் தமையன் வந்து, மாமரத்தடியில் தனியே சற்று நின்று, எவரிடமும் ஒன்றும் கூறாமல் சென்றான்.