தன் கையே தனக்கு உதவியா?

உழைப்புக்கு மரியாதை உண்டு என்று சொல்லாத ஆள் நம்ம நாட்டில் கிடையாது. மேடை போட்டால் எல்லாரும் சொல்வாங்க. எந்த உழைப்புக்கு, யார் செய்தால் என்று கேட்டால்தான் பேச்சு மாறும். இதை நம்ம ஊரை விட்டு வெளியே ஓரிடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அமெரிக்க வீடுகளில் குளியலறைக்குள் முகம் கழுவும் தொட்டிக்கு அடியில் மர அலமாரி இருக்கும். நீராவி பட்டுப் பட்டு அதன் வார்னிஷ் உரிந்துபோகும். பல வீடுகளில் அதற்கு ஆள் கூப்பிடுவதில்லை. லீவு நாளில் வீட்டுக்காரரே உட்கார்ந்து கதவுகளைக் கழற்றுகிறார். கீல், கைப்பிடி எல்லாம் தனியே எடுத்து வைக்கிறார். பழைய பூச்சை நீக்கி, மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே உப்புத்தாள் போடுகிறார், முதலில் 120, அப்புறம் 220. தூசி துடைத்து, ஸ்டெயின் என்கிற மரச்சாயத்தைத் துணியால் தேய்த்து, சில நிமிஷத்தில் மிச்சத்தை வழித்தெடுத்து, காய்ந்தபின் மேலே பாலியூரித்தேன் இரண்டு மூன்று கை அடிக்கிறார். விரலில் ஒட்டிய கறையோடு திங்கட்கிழமை ஆபீஸ் போகிறார். கேட்டால் பெருமையாகச் சொல்கிறார்.

நம்மூர் பாலிஷ்காரர் விரலிலும் கறை உண்டு. அதை யாரும் பெருமையாகப் பார்த்ததில்லை.

அப்படியானால் எல்லாரும் தன் வேலையைத் தானே செய்துகொண்டால் இழிவு போய்விடும் என்கிறார்கள் நல்லவர்கள். காந்தியும் ஆசிரமத்தில் கழிப்பறையைத் தன் கையால் சுத்தம் செய்தவர்தான். அம்பேத்கர் 1936-இலேயே பதில் வைத்துவிட்டார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனுசங்களையே பிரித்து அடுக்கி வைத்திருக்கிறது என்று. விருப்பப்பட்டு ஒருவர் தொடுவதால் அந்த அடுக்கு கலையாது. அவர் எப்போது வேண்டுமானாலும் கை கழுவிவிட்டு எழுந்து போகலாமே. தலை சுற்றினால் வீட்டுக்காரர் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு வெளியே வந்து காற்று வாங்குவார். அலமாரி ஒரு மாசம் கதவில்லாமல் கிடக்கும், அவ்வளவுதான். கூலிக்கு வந்தவருக்குச் சாயங்காலத்துக்குள் முடிந்தாகணும்.

பழைய பூச்சை நீக்குவது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். விஷயமே அதில்தான் இருக்கு. அதற்கென்று விற்ற திரவங்கள் பலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருந்தது. அதன் ஆவி காற்றைவிடக் கனம். ஜன்னல் இல்லாத குளியலறையில் தரையோடு தேங்கி நிற்கும், குனிந்து வேலை செய்கிறவர் மூக்குக்கு நேராக. உடம்புக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாகவும் மாறும். சாதாரண முகமூடி இதற்கு உதவாது. குளியல் தொட்டிகளின் பழைய பூச்சை உரிக்கும் வேலையில் மட்டும் 2000 முதல் 2011 வரை 13 தொழிலாளர்கள் செத்ததாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் வெளியிட்டது.

2017 ஜனவரியில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பூச்சு நீக்க இதைப் பயன்படுத்துவதை வீட்டுக்காரர்களுக்கும், பெரும்பாலான தொழில்களுக்கும் சேர்த்தே தடை செய்வதாக முன்மொழிந்தது. 2019-இல் இறுதி ஆணை வந்தபோது வீட்டுக்காரர்களுக்கு விற்பது மட்டும் தடையானது. செத்தவர்களின் குடும்பங்கள் போராடி வாங்கிய தடை அது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கூலிக்குச் செய்கிறவர்கள்? அவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார்கள். பெரும்பாலான தொழில் உபயோகத்துக்கும் தடை 2024-இல்தான் வந்தது, அதுவும் படிப்படியாக. ஒரே அறை, ஒரே அலமாரி, ஒரே விஷம். பொழுதுபோக்காகச் செய்தவர் மூச்சுக்கும் பிழைப்புக்காகச் செய்தவர் மூச்சுக்கும் நடுவே ஐந்து வருஷம்.

அங்கே இது பிறப்பால் தலையில் கட்டிய வேலையில்லை. அதையும் சொல்லணும். இங்கே அது பிறப்பிலேயே வருகிறது. ஆனாலும் இரண்டு சட்டங்களும் பேசுகிற பாஷை அச்சு அசலாக ஒன்றாக இருப்பதைப் பாருங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொன்று. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் 'அபாயகரமான சுத்திகரிப்பு' கூடாது என்கிறது 2013 சட்டம். அபாயகரமானது எது என்று அதன் விளக்கத்தைப் படித்தால், பாதுகாப்புச் சாதனம் தராமல் கையால் செய்ய வைப்பது என்று இருக்கிறது. சாதனம் கொடுத்துவிட்டால் உள்ளே இறங்கச் சொல்லலாம். யாரை இறங்கச் சொல்வார்கள் என்பதைச் சட்டம் எழுத வேண்டிய அவசியமே இல்லை.