பழையதை வெளியே எடு!

வேதபகுதி: 2 நாளாகமம் 29-ஆம் அதிகாரம்

இன்னொரு குளிர்காலத்தைக் கடக்கப்பண்ணி நம்மை நடத்திவந்த தேவனுக்கே மகிமை உண்டாவதாக!

ஜேர்மனியில் வாழுகிற நமக்கு மார்ச் மாதம் என்றால், நவம்பரில் மூடிவைத்த ஸ்கூட்டரை வெளியே எடுக்கிற மாதம். சிலருக்கு அது பொழுதுபோக்கு. நம்மில் அநேகருக்கோ அது பிழைப்பு. விடியற்காலை நாலு மணிக்கு, பஸ் ஓடத் தொடங்குமுன்னே துப்புரவு வேலைக்குப் போகிற சகோதரனுக்கு அந்த 50 சிசி வண்டிதான் கால்.

போர்வையை எடுத்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பொத்தானை அமத்துகிறோம். "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு உதைக்கத் தொடங்குகிறோம். பத்து உதை, இருபது உதை. வேர்க்குது, கால் நோகுது, வண்டி மட்டும் அசையவில்லை. கடைசியில், "இது செத்துப்போச்சு, இனிப் பழைய இரும்புக்குத்தான்" என்று சொல்லிவிடுகிறோம்.

பிரியமானவர்களே, அநேகமாக அது சாகவில்லை! உள்ளே பழையது அடைத்துக்கொண்டிருக்கிறது.

எசேக்கியா ராஜாவைப் பாருங்கள். அவனுடைய தகப்பன் ஆகாஸ் தேவாலயத்தின் கதவுகளைப் பூட்டிப்போட்டான். விளக்குகள் அணைந்தன, தூபம் நின்றுபோயிற்று. எசேக்கியா ராஜாவான முதலாம் வருஷம் முதலாம் மாதத்திலேயே கதவுகளைத் திறந்தான். எபிரெயருடைய முதலாம் மாதம் நமக்கு மார்ச், ஏப்ரல். திறந்த அன்றைக்கே பாட்டும் எக்காளமும் தொடங்கினதா? இல்லை! உள்ளே கிடந்த அசுத்தத்தையெல்லாம் ஆசாரியர் பிராகாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். லேவியர் அதை எடுத்துக் கீதரோன் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வேலை பதினாறாம் நாளில்தான் முடிந்தது. அதற்குப் பிறகே பலி, அதற்குப் பிறகே பாட்டு. இதுதான் எழுப்புதலின் ஒழுங்கு.

1. பழைய பெற்றோலை வடியுங்கள்

பெற்றோலில் சீக்கிரம் தீப்பிடிக்கிற இலேசான பங்கு மாதக்கணக்கில் நிற்கும்போது ஆவியாகப் போய்விடுகிறது. மிஞ்சுகிறது பிசின்போல ஒட்டுகிற ஒரு கசடு. இங்கே விற்கிற ஈ10 பெற்றோலில் 10 சதவீதம் வரை எதனோல் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். காபரேற்றருக்குள் பெற்றோல் போகிற துவாரம் ஊசிமுனை அளவுதான். கொஞ்சம் கசடு போதும், அடைபட்டுவிடும். அதற்குப் பிறகு நீங்கள் உதைத்தால் என்ன, அழுதால் என்ன?

காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். கீழே ஒரு பாத்திரம் வைத்து, அதைத் தளர்த்திக் கிண்ணத்திலுள்ளதை வடியுங்கள். தாங்கியில் மிஞ்சியிருக்கிறதையும் எடுத்துவிட்டுப் புதுப் பெற்றோல் விடுங்கள். பக்கத்தில் சிகரெட், நெருப்பு ஒன்றும் கூடாது. காபரேற்றர் இல்லாத புதுமாதிரி வண்டிக்கும் புதுப் பெற்றோல் நல்லது. வடித்ததை வடிகானில் ஊற்றாதீர்கள். நகரசபையின் நச்சுக்கழிவு சேர்க்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். லேவியரும் குப்பையை ஆலயத்தின் ஒரு மூலைக்குள் தள்ளிவைக்கவில்லை, ஆற்றுக்கே கொண்டுபோனார்கள்!

போன வருஷத்துக் கசப்பு, ஒரு சகோதரன் சொன்ன சொல், பணக்கொடுக்கல் வாங்கலில் வந்த மனத்தாங்கல், இவைகள் உள்ளே நின்று பிசினாகிறது. ஜெபத்தின் வாய் ஊசித்துவாரம்போல் அடைபடுகிறது. உபவாசம் போட்டு உதைக்கிறோம், சத்தம் போட்டு உதைக்கிறோம். முதலில் வடியுங்கள்!

2. பற்றரியை மெதுவாக ஏற்றுங்கள்

ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்கிற பற்றரியும் தானாகவே இறங்கும். நன்றாக ஏற்றின 12 வோல்ட் ஈயப் பற்றரி, ஏற்றிச் சில மணிநேரம் விட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 12.7 வோல்ட் காட்டும். 12-க்கு வந்துவிட்டால் வெறுமை என்றே சொல்லலாம். நான் ஒரு பாவமும் செய்யவில்லையே என்று சொல்லுகிற விசுவாசியே, நீர் ஒன்றும் செய்யாமல் நின்றதினாலேயே இறங்கிப்போயிருக்கலாம்!

கழற்றும்போது முதலில் கழித்தல் பக்க வயர். பூட்டும்போது முதலில் கூட்டல் பக்க வயர். ஏற்றுகிறதை அவசரப்படாமல் ஏற்றுங்கள். 4 ஆம்பியர் மணி என்று எழுதின பற்றரிக்கு 0.4 ஆம்பியர் அளவு போதும். ஓர் இரவு பொறுத்திருக்கவேண்டும். சிலர் இன்னொருவருடைய பற்றரியில் வயர் கொளுவி அன்றைக்கு ஓட்டிவிடுவார்கள். சரி, நாளைக்குக் காலை நாலு மணிக்கு யார் வருவார்? புத்தியில்லாத ஐந்து கன்னிகைகளுக்கும் இதுதான் நடந்தது. போதகரின் ஜெபத்தில் கொளுவி எத்தனை நாள் ஓடுவீர்கள்? காத்திருந்து நீங்களே பெலன் அடையுங்கள்.

3. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது பிளக்கைக் கழற்றுங்கள். நுனி இளம் மண்ணிறமாயிருந்தால் நல்லது. கறுத்து நனைந்திருந்தால், பெற்றோல் வந்திருக்கிறது, நெருப்புப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். செய்தி கேட்கிறோம், ஒலிநாடா கேட்டோம், குறுந்தட்டுக் கேட்டோம், இப்போது கைத்தொலைபேசியிலும் கேட்கிறோம். நனைந்திருக்கிறோம், எரியவில்லை! துடைத்துக் காயவைத்துப் போடுங்கள், அல்லது புதியதைப் போடுங்கள், பெரிய செலவில்லை. திரும்பப் பூட்டும்போது முதலில் விரலாலேயே சுற்றுங்கள். எடுத்தவுடன் பலவந்தமாய்ச் சாவி போட்டால் அலுமினியத்திலுள்ள புரி அறுந்துபோகும். காற்று வடியையும் திறந்து பாருங்கள். குளிருக்கு எலி அங்கே கூடு கட்டியிருக்கும்!

4. ஓடுமுன் நிற்கிறதா என்று பாருங்கள்

வண்டி ஸ்டார்ட் ஆனால் அல்லேலூயா! ஆனாலும் பொறுங்கோ. பூட்டின கராஜுக்குள்ளும் நிலவறைக்குள்ளும் இயந்திரத்தை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை, ஆளைக் கொல்லும். வெளியே தள்ளிக்கொண்டு வந்து ஸ்டார்ட் பண்ணுங்கள்.

ரயரில் காற்று இறங்கியிருக்கும். வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். இந்தச் சிறு வண்டிகளுக்கு ரயரின் பள்ளம் 1 மில்லிமீற்றராவது இருக்கவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். பிரேக் தட்டில் கறள் பிடித்திருக்கும். இரண்டு பிரேக்கையும் வண்டியைத் தள்ளிக்கொண்டே பிடித்துப் பாருங்கள். விளக்கு, ஹோர்ன், எண்ணெய் எல்லாவற்றையும் பாருங்கள். குளிர்காலத்தில் போட்ட பொடிக்கல் மார்ச்சிலும் வளைவுகளில் கிடக்கும், சறுக்கும். முதல் நாள் மெதுவாகவே போங்கள்.

இன்னொன்று கவனியுங்கள். கார்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. காப்புறுதித் தகடு மாட்டின 50 சிசி வண்டிக்கு அந்தக் கட்டாயப் பரிசோதனை இல்லை. பார்க்கிறதற்கு ஆள் இல்லை. ஆகவே ஓட்டுகிறவன்தான் பார்க்கவேண்டும். நம்மை நாமே சோதித்துப் பார்க்கும்படி பவுல் கொரிந்தியருக்கு எழுதினதும் இதுதானே!

5. பழைய தகடு செல்லாது

மார்ச் 1-ஆம் தேதி தொடங்கிப் புதிய காப்புறுதித் தகடு வேண்டும். கறுப்பு, நீலம், பச்சை என்று வருஷத்துக்கு வருஷம் நிறம் மாறும். 2024-இல் நீலம், 2025-இல் பச்சை. பழைய நிறத்தோடு வீதியில் இறங்கினால் தூரத்திலேயே தெரிந்துவிடும். காப்புறுதி இல்லாமல் ஓட்டுகிறது குற்றம். விபத்து நடந்தால் குடும்பமே கடனாளி. "போன வருஷம் கட்டினேனே" என்று சொன்னால் எடுபடுமா? நேற்றைய மன்னாவும் இன்றைக்குப் புழுத்துப்போயிற்று. 1990-இல் பெற்ற அபிஷேகத்தைச் சாட்சியாகச் சொல்லுங்கள், நல்லது. இன்றைக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

தேவபிள்ளைகளே, போர்வைக்குக் கீழே இருக்கிறவர்கள் நம்முடைய சபையிலும் உண்டு. கிறிஸ்மஸ் ஆராதனைக்குப் பிறகு காணாமற்போன சகோதரன், ஜெபக்கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட தாயார். "அவர் முடிஞ்சுபோனார்" என்று நாம் எழுதிவைத்துவிட்டோம். அல்லது கண்டவுடனே, "ஏன் வரவில்லை? எங்கே போனீர்?" என்று கேட்கிறோம். அது விசாரிப்பு அல்ல, உதை! உதைக்க உதைக்க பிளக் நனையுமே தவிர எரியாது.

இந்த வாரம் அப்படிப்பட்ட ஒருவருடைய வீட்டுக்குப் போங்கள். ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டு, உள்ளே நின்றுபோனது என்ன என்று கேளுங்கள். அவர் கொட்டட்டும், நீங்கள் பாத்திரமாயிருங்கள். நம்மாலே வந்த காயமானால் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு புதியதை ஊற்ற ஆவியானவர் இருக்கிறார். நெருப்பு அவருடையது.

ஜெபிப்போமா? "பரலோகப் பிதாவே, எங்களுக்குள் நின்று கெட்டுப்போனதை வெளியே எடுக்கக் கிருபை தாரும். நாங்கள் செத்துப்போனவர்கள் என்று தள்ளினவர்களை நீர் தள்ளவில்லை. அவர்களையும் எங்களையும் மறுபடியும் ஓடப்பண்ணும். காலையில் வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் வீதியில் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்."