அடக்கமா, அச்சமா?



ஒரு குதிரை தலை குனிந்து, சொன்ன இடத்தில் அசையாமல் நிற்கிறது. பார்ப்பவர், "நன்றாகப் பழகிய குதிரை" என்று மெச்சுகிறார். அது பழகிய குதிரைதானா? அல்லது பயந்து ஓய்ந்துபோன குதிரையா? வெளித்தோற்றத்தை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று. இதனை நாம் சிறிது சிந்திப்போமாக.

வேட்டை மிருகத்திடமிருந்து ஓடித் தப்பும்படி படைக்கப்பட்ட ஜீவன் குதிரை. பக்கவாட்டில் அமைந்த கண்களால் ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும். காற்றில் ஒரு துணி அசைந்தாலும் வெருளும். அதைப் பிடிவாதம் என்று அடிப்பவர் உண்டு. உண்மையில் அது உயிரச்சம். 2,300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திலேயே செனபோன் என்னும் கிரேக்கப் போர்வீரர் குதிரைப் பயிற்சியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கோபத்தோடு குதிரையை அணுகலாகாது என்பது அவர் கொள்கை. ஒரு பொருளைக் கண்டு வெருளும் குதிரையை அடித்தால், அந்தப் பொருளால்தான் வலி வந்தது என்று அது எண்ணும். அச்சம் இன்னும் வளரும் என்றும் அவர் விளக்கினார்.

பயிற்சியின் சூட்சுமம் ஒன்றுண்டு. கடிவாளத்தை இலேசாக இழுக்கிறோம், குதிரை நிற்கிறது. அந்தக் கணமே இழுப்பைத் தளர்த்திவிட வேண்டும். அந்தத் தளர்வுதான் அதற்குக் கூலி. நின்ற பிறகும் இழுத்துக்கொண்டிருப்பவன், வேலையை வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு ஒப்பாவான். நாளடைவில் குதிரை இழுப்பை மதிப்பதில்லை. அவனும் இன்னும் கொடிய கடிவாளத்தைத் தேடிப் போகிறான்.

நிற்க. 1850களின் பிற்பகுதியில் ஜான் ரேரி என்னும் அமெரிக்கர் இங்கிலாந்து சென்றார். அங்கே குரூசர் என்னும் முரட்டுப் பொலிகுதிரைக்கு, கடிக்காதபடி வாயில் இரும்புக்கூடு மாட்டி வைத்திருந்தார்கள். ரேரி அதனைச் சில மணி நேரத்தில் அடக்கினார். விக்டோரியா அரசியார் முன்னிலையிலும் தம் வித்தையைக் காட்டினார். அவர் முறை யாதெனில், குதிரையின் முன்னங்காலை மடித்து வாரினால் கட்டி, அது திமிறிக் களைத்துப் படுக்கும் வரை காத்திருந்து, பிறகு அன்போடு தடவிக்கொடுப்பது. அடியில்லை என்பது மெய்தான். ஆனால் அந்தக் குதிரைக்கு வேறு வழி இருந்ததா? தப்ப வழியில்லையென்று கண்ட ஜீவன் முயற்சியையே கைவிட்டுவிடும். அதை இணக்கமென்று கொள்ளலாகாது என இக்கால ஆராய்ச்சியாளர் எச்சரிக்கின்றனர்.

அப்படியானால் அறிவது எப்படி? கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பார்க்க வேண்டும். நம் பக்கம் வருகிறதா, விலகிப் போகிறதா என்பதிலே பாதி விடை கிடைத்துவிடும்.

நம் கடையிலும் ஒரு பையன் இருந்தான். சிறு பிழைக்கெல்லாம் அவனை நாலுபேர் முன்னிலையில் ஏசினோம். பிறகு அவன் வாய் திறப்பதேயில்லை. "பையன் அடக்கமானவன்" என்று நாமும் பெருமை பேசினோம். அரிசி மூட்டைகளில் வண்டு விழுந்திருப்பதை அவன்தான் முதலில் கண்டான்; ஏச்சுக்கு அஞ்சிச் சொல்லவில்லை. மூட்டைகளை இழந்த பிறகே அந்த அடக்கம் இன்னதென்று நமக்கு விளங்கிற்று. நட்டம் நம்முடையது, குற்றமும் நம்முடையதே.

குதிரையானாலும் மனிதனானாலும் நம் கைக்குள் வந்த ஜீவன் ஓர் அமானிதம். ஆகவே சகோதரர்களே, கோபம் மேலிடும் வேளையில், கயிறு யார் கையில் இருக்கிறது என்பதை நாம் நினைவிற்கொள்வோமாக.