நுணலைச் சிறை வைத்தல் தகுமோ?

விஷ்ராந்த்வாடியில் மழைக்காலம் பிறந்து வெற்று மனைகளில் நீர் தேங்கியதும், மண்ணுள் ஒடுங்கிக் கிடந்த பெருந்தவளைகள் வெளிப்படுகின்றன. ஆண் தவளை மஞ்சள் மேனியும், தாடையின் இருபுறத்தும் நீலப் பைகளும் கொண்டு இரவெல்லாம் கூவும். தவளை தன் வாயால் கெடும் என்பது பொய்யன்று. குரல் வந்த திக்கில் விளக்கோடு சென்று பிள்ளைகள் அதனைப் பிடித்துக் கண்ணாடித் தொட்டியில் இடுகின்றனர். பெற்றோர் சிலர் நம்மை வினவுகின்றனர்: “ஐயா, நாங்கள் அதைக் கொல்லவில்லை; தின்னவுமில்லை. பாம்புக்கும் லாரிச் சக்கரத்துக்கும் தப்புவித்து இரை போடுகிறோம். பஞ்சசீலத்துக்கு இதில் பழுது என்ன?”

இவ்வினாவை எளிதென்று தள்ளலாகாது. தவளையின் காலை அறுத்து அயல்நாட்டுக்கு அனுப்பும் வாணிகம் இந்நாட்டில் நெடுநாள் நடந்து, 1987-ஆம் ஆண்டிலேதான் தடுக்கப்பட்டது. அவர்களை நோக்கத் தொட்டியில் வளர்ப்பவர் கருணையுடையவரே. ஆயினும், கால் அறுப்பவனிலும் நல்லவன் என்பது சீலத்துக்கு அளவுகோலாகுமா?

முதலில் அவ்வுயிரின் இயல்பைக் காண்போம். பின்னங்காலில் மண்வெட்டி போன்ற ஒரு தடிப்பு உண்டு. அதனால் மண்ணை ஒதுக்கிப் பின்புறமாகவே பூமிக்குள் இறங்கி, வறண்ட மாதங்களை அங்கே உண்ணாமல் கழிக்கும். தோலாலும் மூச்சு விடுவதால் நம் கையின் உப்பும் சவுக்காரமும் அதற்குத் தீங்கு. கண்ணாடியின் மேல் அந்தத் தடிப்பு உராய்ந்து உராய்ந்து ஓய்வதைப் பார்த்தவர்க்கு வேறு விளக்கம் வேண்டா. ஆலையில் நெடுநாள் உழைத்த நமக்குக் கூலி தவறியதில்லை. ஆயினும் சங்கு ஊதுமுன் வாயிற்கதவு திறந்ததுமில்லை. உணவு கிடைப்பது ஒன்று, உரிய இடத்தில் இருப்பது வேறு. கொடுக்கப்படாததை எடாமை என்னும் இரண்டாம் சீலம் காசுக்கும் நகைக்கும் மட்டுமே என்று எண்ணலாமோ?

இனி இரையின் செய்தி. இதுவே நம்மை அதிகம் வருத்துவது. பெருந்தவளை பெரும்பாலும் அசைவதையே இரையென்று அறியும். ஆகவே வளர்ப்பவர் நாள்தோறும் உயிருள்ள வெட்டுக்கிளியையும் கரப்பையும், சிலர் சுண்டெலியையும், பிடித்தோ வாங்கியோ தருகின்றனர். வயலில் தவளை பூச்சியை விழுங்குவதில் பாவமில்லை. பசியன்றி அதற்கு வேறு எண்ணமில்லை. தொட்டியிலோ தப்பியோட வழியில்லாத பூச்சியை எண்ணித் துணிந்து இடுவது நம் கை. அசோகச் சக்கரவர்த்தி முடிசூடி இருபத்தாறாம் ஆண்டில் பொறித்த தூண் சாசனம், ஓர் உயிரைக் கொண்டு மற்றோர் உயிரை ஊட்டலாகாது என்று விதிக்கிறது. உயிர்களை விற்கும் வாணிகத்தைப் பகவர் உபாசகர்க்கு விலக்கியதும் நாம் அறிந்ததே. விற்பது தகாதெனில் வாங்கி ஊக்குவிப்பது எங்ஙனம் தகும்?

நாயையும் வளர்க்கிறோமே என்பர். நாய் நம் சோற்றை உண்டு, நம் வாயிலில் தானே வந்து படுக்கும். பூனை நினைத்தபோது மதிலேறிப் போகும். சம்பா நகரத்துக் கக்கரா குளக்கரையில் பகவரின் குரலைக் கேட்டிருந்த தவளையின் கதை விமானவத்துவில் உண்டு. அதனை எவரும் அங்கே கட்டி வைக்கவில்லை; தானே வந்து கேட்டது. இடையன் ஒருவன் அறியாது ஊன்றிய கோலால் மாண்டது.

காயமுற்ற தவளையை ஈரத்துணியில் வைத்துக் காப்பது வேறு. அதனைத் தடுப்பார் இல்லை. ஆறியதும் எடுத்த இடத்திலேயே விடுக. ஏற்கெனவே தொட்டியில் வைத்திருப்போர் ஐப்பசி முடியும்வரை காத்திராமல் இப்போதே விடுதல் நலம். மழை ஓய்ந்து மண் இறுகிவிட்டால் அதனால் தோண்ட இயலாது. மனையெல்லாம் சிமெந்து பூசிய வீட்டார், மூலையில் ஒரு முழம் மண்ணையாவது வெறுமையாக விட்டு வைப்பாராக.